சொல்லக் கூசும் நோய்க்கு எங்கே போவது?

ஏழாயிரம்பண்ணையில் பஸ் ஏறினால் சாத்தூருக்குப் போகலாம், கோவில்பட்டிக்குப் போகலாம், சிவகாசிக்கும் போய்ச் சேரலாம். மூன்று ஊரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் வரும் வைத்தியத்தில் முக்கால்வாசி அங்கே காசில்லாமல் கிடைக்கும். இருந்தும், வெள்ளைப்படுதலை வருஷக்கணக்கில் பொறுத்துக்கொள்கிற பெண்களும், ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் காது கடிக்கிற ஆண்களும் இந்தப் பக்கம் ஏராளம். மருந்து எட்டாத தூரத்தில் இல்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும், ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலையும்தான் குறுக்கே நிற்கின்றன. ஆகவே நோயைப் பற்றிச் சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவோம்.

முதலில் நாள். பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் ஞாயிறு லீவு. அரசு மருத்துவமனையிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வழக்கமான ஓ.பி. இருக்காது, அவசர சிகிச்சைதான். சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று திட்டம் போட்டால், அது தனியார் கிளினிக்கில்தான் போய் முடியும். மழை பிடித்துக்கொண்ட நாள் நமக்கு வசதி: பட்டாசு மருந்து காயப்போட வெயில் இல்லாததால் ஆலை வேலை நடக்காது, ஓ.பி. நடக்கும். தீபாவளி முடிந்து ஆலைகள் மறுபடி திறக்கும்வரை உள்ள நாட்கள் அதைவிட வசதி. காப்பர்-டி போடுவது, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன், கர்ப்பப்பைப் பரிசோதனை என்று தள்ளிப்போடக்கூடியதையெல்லாம் அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்றமுள்ள வெள்ளை, புண், அடிவயிற்று வலியோடு காய்ச்சல், நாள் தள்ளிப்போனது ஆகிய நான்குக்கும் தீபாவளியும் பார்க்காதீர்கள், மழையும் பார்க்காதீர்கள்.

அடுத்தது ஊர். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா இருக்கிறார். நல்லவராகவும் இருப்பார். ஆனால் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர் உங்கள் மதினியாகவோ, ஒரே வேனில் வேலைக்கு வருகிறவராகவோ இருப்பார். அது ஒத்துவராது என்று தோன்றினால் அடுத்த ஊருக்குப் போவதில் தப்பே இல்லை. நாம் விருதுநகர் மாவட்டம், கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டமாயிற்றே, நம்மைப் பார்ப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்க மாவட்டம் ஒரு தடை கிடையாது. இதைவிடப் பெரிய இடம் வேண்டுமென்றால் 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் மேலே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தால் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். பிரசவத்துக்கு மட்டுமல்லாமல் கருச்சிதைவுக்கும் ஈ.எஸ்.ஐ.யில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு; கருச்சிதைவுக்கு ஆறு வாரம். பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

சீட்டு எழுதுகிற இடத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பின்னால் இருபது பேர் நிற்க, “என்ன செய்யுது?” என்று சத்தமாகக் கேட்பார்கள். அங்கே முழுக்கதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பெண்கள், “பொம்பள டாக்டரைப் பாக்கணும்க்கா” என்றால் போதும். ஆண்கள், “தோல் டாக்டரைப் பாக்கணும்” என்று சொல்லலாம். பால்வினை நோய்களைப் பெரும்பாலும் தோல் பிரிவோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். மாவட்ட, வட்ட மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கென்றே ‘சுக வாழ்வு மையம்’ இருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ‘நம்பிக்கை மையம்’. பலகையில் நோயின் பெயர் இருக்காது. தேடிப் போகிறவருக்கு இது சிரமம்தான், அதனால்தான் பெயரை இங்கே எழுதுகிறேன். இரண்டு மையத்திலும் ஆலோசகர் ஒருவர் இருப்பார். டாக்டரிடம் சொல்ல வராததை அவரிடம் சொல்லலாம். அவர் வேலையே அதைக் கேட்பதுதான். வீட்டிலிருந்தே கேட்க வேண்டுமென்றால் 1097 எச்.ஐ.வி., பால்வினை நோய்களுக்கான இலவச எண். 104 தமிழக அரசின் பொதுவான மருத்துவ ஆலோசனை எண். இரண்டிலும் தமிழில் பேசலாம். போனை ஸ்பீக்கரில் போடாமல் பேசுங்கள், அவ்வளவுதான்.

வெள்ளைப்படுதல்

இந்த வட்டாரத்தில் பெண்கள் அதிகம் சொல்வது இதைத்தான். மாதவிலக்குக்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நாற்றமோ அரிப்போ இல்லாமல் வருவது இயற்கை. அதற்கு மருந்து கிடையாது, தேவையும் கிடையாது. அதில் உடம்பு உருகிப் போவதாகவும் எலும்பு கரைவதாகவும் சொல்வதில் உண்மையில்லை. திரிந்த பால் மாதிரிக் கட்டியாக வந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் நிறத்தில் மீன் கவிச்சி அடித்தால் அது வேறு தொற்று. மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலும், அடிவயிறு வலித்தாலும், சேர்ந்த பிறகு இரத்தம் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். பூஞ்சை அரிப்பு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். பல பெண்களுக்குச் சர்க்கரை இருப்பதே இப்படித்தான் தெரியவருகிறது.

இங்கே வேலையின் பங்கும் இருக்கிறது. பேன்சி ரகப் பட்டாசு செய்யும் அறையிலிருந்து வெளியே வருகிற பெண்ணின் கையைப் பாருங்கள். அலுமினியப் பவுடர் ரேகைகளுக்குள் இறங்கி, வெள்ளி பூசினாற்போல முழங்கைவரை மின்னும். அந்தக் கையோடே அவசரமாகக் கழிவறைக்குப் போய் நாப்கினை மாற்றினால் பட்ட இடம் எரியும், அரிக்கும். அதை நோய் என்று நினைத்து மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. கழிவறைக்குப் போவதற்கு முன்னாலேயே சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். போய்வந்த பிறகு கழுவுவது இரண்டாவது. கழிவறை மோசமாக இருக்கிறதென்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதும், அடக்கிக்கொண்டிருப்பதும் நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும். பெண்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அவர்களுக்குத் தனிக் கழிவறை வேண்டுமென்பது தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது. போர்மேனிடம் ஒருத்தி தனியாகக் கேட்டால் முறைப்பார். அறைக்கு ஒருத்தியாகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். டெட்டால் ஊற்றிக் கழுவுவதையும் உள்ளே சோப்புப் போடுவதையும் விட்டுவிடுங்கள். அது இருக்கிற நல்ல கிருமியையும் கொன்று தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

அரசு மருத்துவமனையில் வெள்ளைப்படுதலுக்குக் கொடுக்கும் மருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் வரும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பால்வினை, இனப்பாதைத் தொற்றுகளை அறிகுறியை வைத்து ஏழாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருக்கிறார்கள். சீழ் வடிதலுக்குச் சாம்பல் நிறம், பிறப்புறுப்பில் அரிப்பும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் என்றால் பச்சை, புண்ணுக்கு வெள்ளை, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு நீலம், கொப்புளத்துக்குச் சிவப்பு, பெண்களின் அடிவயிற்று வலிக்கு மஞ்சள், தொடை இடுக்கில் நெறி கட்டினால் கறுப்பு. எந்தப் பெட்டி என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி பச்சைப் பெட்டியில் குணமானாள் என்று நீங்களும் அதையே கேட்கக் கூடாது.

மாத்திரையை விழுங்கியதும் பாதி வேலைதான் முடிந்தது. சேர்ந்து வாழ்பவருக்கும் மருந்து உண்டா என்று கேட்காமல் அறையைவிட்டு வராதீர்கள். பல தொற்றுகளில் கணவனுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. மனைவி மட்டும் குணமாகி, அவரிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொள்வாள். “எனக்கு ஒண்ணுமில்ல, நான் எதுக்கு மாத்திரை போடணும்?” என்று அவர் மல்லுக்கு நிற்பார். ஆலோசகரிடமே அவரை ஒருமுறை கூட்டிப்போய் உட்கார வைத்தால் வீட்டில் சண்டை மிச்சம். இருவரும் மருந்து முடித்து ஒரு வாரம்வரை சேராமல் இருக்க வேண்டும், அல்லது ஆணுறை.

ஆண்களுக்கு

பஸ் ஸ்டாண்டு சுவரிலும் கழிவறைக் கதவிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை நம்பிப் போய், மாதம் ஒருநாள் லாட்ஜில் தங்கும் வைத்தியரிடம் பல மாதச் சம்பளத்தைக் கொட்டியவர்கள் இருக்கிறார்கள். கைப்பழக்கத்தாலோ தூக்கத்தில் விந்து போவதாலோ ஆண்மை போகாது. அது நோயே இல்லை. இல்லாத நோய்க்குத்தான் அங்கே லேகியம் விற்கிறார்கள். சீழ் வடிந்தால், ஒன்றுக்குப் போகையில் எரிந்தால், வலியில்லாத புண் வந்தால் அது உண்மையான நோய். அந்த வலியில்லாத புண்தான் மிகவும் ஏமாற்றும். சிபிலிஸ் அப்படித்தான் வரும். மருந்தே போடாமல் புண் தானாக ஆறிவிடும், நோய் உள்ளே தங்கிவிடும். ஆரம்பத்திலேயே பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஒருமுறை போடும் பென்சிலின் ஊசிதான் வைத்தியம். மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு நாளைக்கு வாங்கிப் போட்ட மாத்திரை அறிகுறியை அமுக்கும், நோயை முடிக்காது. அடுத்த முறை அந்த மாத்திரை கேட்காமலும் போகலாம்.

எழுச்சி குறைவது சர்க்கரை, இரத்த அழுத்தத்தின் முதல் அறிகுறியாக இருப்பதுண்டு. அதற்குப் பொது மருத்துவரைப் பாருங்கள். குழந்தை இல்லையென்று மனைவியை ஊர் ஊராக அழைத்துப் போகுமுன் கணவன் ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். இருப்பதில் எளிதும் மலிவும் அதுதான். கடைசியாகச் செய்வதும் அதைத்தான்!

எச்.ஐ.வி. பரிசோதனை

இதை இந்த வட்டாரத்தில் வைத்து எழுதும்போது 2018-ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்த சோகை இருந்த ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. இரத்தம் கொடுத்தவர் 19 வயது இளைஞர், தன் உறவுக்காரப் பெண் ஒருவருக்காகக் கொடுத்தவர். 2016-லேயே அவர் ஒருமுறை இரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே சோதனையில் தொற்று தெரிந்திருந்தும் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காகத் தனியாரிடம் பரிசோதனை செய்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து, என் இரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று சொன்னார். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இரத்தம் ஏற்றப்பட்ட அந்தக் கர்ப்பிணிக்கு 2019 ஜனவரியில் மதுரையில் பெண் குழந்தை பிறந்தது. மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டதில் குழந்தைக்குத் தொற்று இல்லை. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

அரசு ஆஸ்பத்திரிக்கே போகக்கூடாது என்று இதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரிசோதனை 2016-லேயே சரியாக நடந்திருக்கிறது. முடிவைச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று கொடுத்தவருக்கும் தெரியவில்லை. ஆகவே எங்கே இரத்தம் கொடுத்தாலும், சோதனைக்கானாலும் தானத்துக்கானாலும், முடிவு எப்போது வரும், யார் சொல்வார்கள் என்று கேளுங்கள். சரியான போன் நம்பரைக் கொடுங்கள். சொன்ன நாளில் சொல்லவில்லையென்றால் நேரில் போய் நில்லுங்கள். இன்னொன்று: தனக்குத் தொற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக இரத்ததானம் செய்யாதீர்கள். அதற்குத்தான் நம்பிக்கை மையம் இருக்கிறது.

அங்கே நடப்பது இதுதான். ஆலோசகர் தனியறையில் பேசுவார், சம்மதம் கேட்பார், பதிவில் உங்களுக்கு ஒரு எண் கொடுப்பார். இரத்தம் எடுப்பார்கள். முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் வேறு வேறு முறையில் மூன்று சோதனைவரை பார்த்துவிட்டுத்தான் ‘இருக்கிறது’ என்று சொல்வார்கள். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். சமீபத்தில் பயப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் ‘இல்லை’ என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை பார்க்க வேண்டும். நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லையென்றால் சோதனைக்குக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், தொற்றைத் தடுக்கும் ‘பெப்’ மருந்து கேளுங்கள். 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

‘இருக்கிறது’ என்று வந்தால், எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். முன்பு போல எதிர்ப்புசக்தி குறையும்வரை காத்திருப்பதெல்லாம் 2017-லேயே முடிந்துவிட்டது. தெரிந்த உடனே மருந்து, இலவசம், பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் மூலம் துணைக்குப் பரவாது. 2017-ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சம்மதமில்லாமல் சோதனை செய்யக்கூடாது, வெளியே சொல்லக்கூடாது, தொற்றைக் காட்டி வேலையைவிட்டு நிறுத்தவும் கூடாது. ஆலை நிர்வாகம் எச்.ஐ.வி. சோதனைச் சீட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

நாள் தள்ளிப்போனால், தள்ளிப்போகுமோ என்று பயந்தால்

ஆணுறை கிழிந்துவிட்டது, மாத்திரை மறந்துவிட்டது என்றால் அவசர கருத்தடை மாத்திரை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் ஒரே மாத்திரை. இதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் பெரும்பாலும் கிடைக்காது. பக்கத்து மாநிலத்தில் கடையில் வாங்கிக்கொள்ளக்கூடியதை இங்கே கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார், சீட்டு இருக்கிறதா என்பார். நாலு கடை ஏறி இறங்குவதற்குள் மணி ஓடிவிடும் என்பதால் நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ‘ஈஸி பில்’ என்று கேளுங்கள். குடும்பநலத் திட்டத்தில் இலவசமாக வருகிற மாத்திரை அது. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டாலும் கரு தங்காது, அதோடு வருஷக்கணக்கில் கவலையும் இல்லை.

நாள் தள்ளிவிட்டால் முதலில் சோதனை. கரு வேண்டாம் என்றால் 1971-ஆம் வருஷக் கருக்கலைப்புச் சட்டமும் 2021-இல் அதில் வந்த திருத்தமும் உங்கள் பக்கம் இருக்கின்றன. 20 வாரம்வரை ஒரு டாக்டர் முடிவு செய்யலாம். 24 வாரம்வரை சில நிலைகளில் இரண்டு டாக்டர்கள். 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவன் கையெழுத்து, மாமியார் சம்மதம், கல்யாணப் பத்திரிகை எதுவும் சட்டத்தில் கிடையாது. கல்யாணமாகாதவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா” என்று யாராவது சொன்னால், “சட்டப்படி எங் கையெழுத்து போதும்ல டாக்டர்?” என்று அமைதியாகக் கேளுங்கள்.

கலைப்பு மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வீட்டில் போட்டுக்கொள்வதுதான் இங்கே பெரிய ஆபத்து. ஒன்பது வாரத்துக்குள், டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அது பத்திரமான மருந்து. பார்க்காமல் போட்டால், கரு குழாயில் இருந்தால் தெரியாது; பாதி கலைந்து பாதி நின்றுபோகவும் கூடும். மணிக்கு இரண்டு நாப்கின் நனைந்து அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலும், காய்ச்சலோ மயக்கமோ வந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். மாத்திரை போட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டு வாங்குவது உயிரைவிடப் பெரிதில்லை.

18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலர் சம்மதம் வேண்டும். போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்கும் தெரிவித்தாக வேண்டும். ஆனால் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் அதே 2022 தீர்ப்பில் இருக்கிறது. இந்தப் பயத்தால் பிள்ளையை நாட்டு வைத்தியரிடம் இழுத்துப் போகாதீர்கள். வன்கொடுமை நடந்திருந்தால் எந்த ஆஸ்பத்திரியும், தனியார் உட்பட, போலீஸ் கேஸ் இல்லாமலே இலவசமாக முதல் சிகிச்சை கொடுக்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181-இல் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

கருத்தடை, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்

தமிழ்நாட்டில் கருத்தடை என்றாலே இரண்டாவது பிரசவத்தோடு பெண்ணுக்கு ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. இலவசமாக வேறு பலவும் இருக்கின்றன: நிரோத் ஆணுறை, மாலா-என் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை (முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று), ஐந்து வருஷ, பத்து வருஷக் காப்பர்-டி. ஆணுக்குச் செய்யும் தழும்பில்லாக் குடும்பக்கட்டுப்பாடு இவற்றில் எளிது. கத்தி வைப்பதில்லை, அன்றைக்கே வீடு. அதற்குப் பிறகும் மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துச் சோதனையில் உயிரணு இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்மை குறையும், பாரம் தூக்க முடியாது என்பதெல்லாம் டீக்கடை வைத்தியம்.

முப்பது தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை கேட்கலாம். புளிக்காடி தடவிப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை, வலிக்காது. வெள்ளையாக மாறும் இடம் இருந்தால் மேல்சோதனைக்கு அனுப்புவார்கள். அதனாலேயே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. மகள் படிக்கும் பள்ளியிலோ நர்சம்மாவிடமோ கேட்டுவையுங்கள்.

மரியாதை குறைந்தால்

வரிசையில் நிற்கையில் நோயைச் சத்தமாகச் சொல்வது, கதவைத் திறந்துவைத்துப் பரிசோதிப்பது, “கல்யாணமாகலியா, அப்புறம் எதுக்கு வந்தே?” என்று கேட்பது: இவை எல்லா ஊரிலும் நடக்கின்றன. பெண்ணைப் பரிசோதிப்பவர் ஆண் டாக்டர் என்றால் பக்கத்தில் ஒரு பெண் நர்ஸ் இருக்கும்படி கேட்கலாம், திரை போடச் சொல்லலாம். கேட்டும் நடக்கவில்லையென்றால் அந்த இடத்தில் சண்டை வேண்டாம். ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தேதி அதில் இருக்கும். மருத்துவமனை என்றால் நிலைய மருத்துவ அலுவலரிடமும், அவருக்கு மேல் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் சிவகாசி சுகாதார மாவட்ட அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம். 104-இலும் புகார் பதியலாம். நோயின் பெயரை மனுவில் எழுத வேண்டாம். தேதி, நேரம், அறை, நடந்தது என்ன என்று நாலு வரி போதும். சிகிச்சை பாதியில் நிற்கிறதென்றால் மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திராமல், மறுநாளே அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிவிடுங்கள்.